ஆற்றில் அவனுடைய பாதி

செய்ன் நதியை நானும் அவனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். பாரிஸின் புறநகரான லெ பிளாங்-மெனிலில் ஒன்பது வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். இருவரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தோம். அகதி அட்டையோடு ஊருக்குப் போக முடியாது. குடியுரிமை கிடைத்தால் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நேர்முகத்தில் பிரான்ஸைப் பற்றி எதையும் கேட்பார்கள். ஆற்றின் சரித்திரம் எனக்கு, பூகோளம் அவனுக்கு. படித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதாகப் பேச்சு.

என் பாதியை நான் ஒழுங்காகக் கொடுத்தேன். காலையில் வேலைக்குப் போகும்போது கார் து நோர் நிலையம் வரும்வரை ரயிலில் நின்றபடியே சொல்லுவேன். வடக்கத்திக் கொள்ளைக்காரர் படகுகளில் ஏறிவந்து பாரிஸை முற்றுகையிட்டது, பாரிஸின் அடுப்புகளுக்கு விறகு தெப்பமாக மிதந்து வந்தது, எல்லாம். அவன் பாதியைக் கேட்டால், "ஞாயிற்றுக்கிழமை பாப்பம் அண்ணை" என்பான்.

அவனுக்குத்தான் முதலில் நாள் வந்தது. நேர்முகம் முடித்தவர் நேரே எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து, என்ன கேட்டார்கள் என்று அடுத்தவருக்குச் சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். அவனும் நான் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கு வந்தான்.

"ஆறு ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. கொடி, ஜனாதிபதி, அவ்வளவுதான். அதை விடுங்கோ."

விட்டேன். முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டே ஜனாதிபதிகளைப் பாடமாக்கினேன். என் நேர்முகத்தில் அதிகாரி அம்மா கேட்டதோ, செய்ன் எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஆறுகள் அதில் சேருகின்றன என்று. பேந்தப் பேந்த முழித்தேன். அதன்பின் தெரிந்ததும் வாயில் வரவில்லை. இரண்டு வருடம் தள்ளிவைத்துக் கடிதம் வந்தது.

அவனுக்குக் கிடைத்துவிட்டது. சாப்பாட்டுக் கடையொன்றில் விருந்து வைத்தான். நான் உள்ளே நுழையும்போது முதுகைக் காட்டியபடி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்: "முழுக்க ஆறுதான் கேட்டவை. மலையிலை துவங்கிக் கடல் மட்டும் மூச்சுவிடாமல் சொன்னன்."

எனக்குச் சொல்லித்தர அவனுக்கு ஒரு பின்னேரம் போதும். அந்தப் பின்னேரத்துக்குக்கூட நான் பெறுமதியில்லாதவன். ஆனாலும் ரோல்ஸைத் தின்று, வாழ்த்திவிட்டு வந்தேன். அதற்காக இன்றும் என்மேல்தான் கோபம்.

அந்த இரண்டு வருடத்துக்குள் அம்மா போய்விட்டார். பிறகு நானே வரைபடம் வாங்கிப் படித்துக் குடியுரிமை எடுத்தேன்.

போன மாதம் அவன் மனைவி கடைக்கு வந்தாள். அவளுக்கு நேர்முகமாம், ஆற்றைச் சொல்லித்தரக் கேட்டாள். மாம்பழப் பெட்டியின் அட்டையில் ஆற்றைக் கீறிக் காட்டினேன். லாங்கர் மேட்டில் பிறக்கிறது, த்ருவா நகரைத் தாண்டுகிறது, மோந்தரோவில் யொன் ஆறு வந்து சேருகிறது. அந்த இடத்தில் யொன்னில்தான் தண்ணீர் கூடுதல். பேர் மட்டும் செய்னுக்குப் போய்விட்டது என்றபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். அவள் சிரித்தாள்.

"அவர் சொன்னவர் அண்ணை, உங்களுக்கும் இதெல்லாம் இருந்து சொல்லித் தந்தவராம். உங்கடை மண்டையிலைதான் ஏறேல்லையாம்."

பேனையை மூடினேன். வந்து சேரவேண்டிய மார்ன், உவாஸ் ஆறுகள் இன்னும் மீதி இருந்தன.

"மிச்சத்தை வீட்டிலை அவரிட்டைக் கேளுங்கோ தங்கச்சி. அவரை முழுக்க ஆறுதான் கேட்டவை. எனக்கு, ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொன்னவர்."