நாலாவது வாய்

பயிற்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் பை அக்கா. தோளில் தொங்கும் அந்தப் பெரிய பை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தடித்த கைப்பிடி போட்ட ஸ்பூன்கள், வழுக்காத தட்டு, படம் ஒட்டிய அட்டைகள், தன் முட்டிவலித் தைலம் எல்லாம் அதற்குள் அடக்கம். "வீட்டையே தூக்கிட்டுப் போறா, நான் மட்டும்தான் பாக்கி" என்று புருஷன் கிண்டல் செய்வார். கை கால் சரியாக வராத குழந்தைகளின் வீடுகளுக்கே போய், உடுத்த, உண்ண, உட்காரப் பழக்குவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஊர் அது. ஒரே மாடிப்படியில் நாலு மொழி கேட்கும். எந்த வீட்டில் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த வீட்டில் முதலில் பெரியவரிடம் பேச வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒன்பது மொழியில் "சௌக்கியமா?" என்று கேட்பாள். பதில் வந்தால்தான் திண்டாட்டம். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே?

அதற்கு ஆப்பு வைத்தது ஒரு மூன்றாவது மாடி வீடு. ரொட்டிக்கடையில் விடிகாலை வேலை பார்க்கும் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கை, ஆறு வயதுப் பையன், ஆக நாலு பேர். பையனுக்கு மூளை வாதம். வலது கை இறுகிவிட்டது, இடது கை பாதி சொன்ன பேச்சுக் கேட்கும். நாற்காலியில் சாய்ந்து எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் பை அக்கா அவனுக்கு முதலாளி என்று பெயர் வைத்தாள்.

முதலாளிக்காக அவள் படிவத்தில் எழுதிய இலக்கு: 'தானே ஸ்பூனால் சாப்பிடுவான்.' அப்பாவுக்கு மட்டும்தான் இவள் மொழி தெரியும். அவர் எடுத்துச் சொல்ல, அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஐந்தாவது வாரம் பார்த்தால், ஸ்பூன் உறை பிரிக்காமல் அலமாரி மேல் கிடந்தது.

"தெனமும் பழக்குறீங்களா தம்பி?"

"பழக்குறோம் டீச்சர்" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

பை அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படிவத்தின் கடைசியில் 'குடும்பம் ஒத்துழைக்கவில்லை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டால் பையனின் இடம் வரிசையில் நிற்கும் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். பழக்கம் நின்றால் அந்த இடது கையும் வலது கையின் வழியில் போய்விடும். தெரிந்தும் பென்சிலால் டிக் போட்டாள். வெள்ளிக்கிழமை மேனேஜர் மேசைக்குப் போகும் முன் பேனாவால் போட்டால் போதும்.

வியாழக்கிழமை கடைசியாக ஒரு முறை போனாள். எப்போதும் பத்து மணிக்குப் போகிறவள், பேருந்து வழியில் படுத்துக்கொண்டதால் மூன்றாவது மாடி ஏறும்போது மணி ஒன்று. கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு நேரம்.

நடுவில் ஒரே பெரிய தட்டு, மசித்த உருளைக்கிழங்கு. சுற்றி எல்லாரும். அப்பா அத்தைக்கு ஒரு வாய் கொடுத்தார், அத்தை அம்மாவுக்கு, அம்மா பையனுக்கும் அப்பாவுக்கும். யார் கையும் தன் வாய்க்குப் போகவில்லை. பை அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் சாப்பாட்டு நேரத்தில் எந்த வீட்டுக்கும் போனதில்லை. குடும்பங்களின் வீட்டில் டீ கூடக் குடிக்கக் கூடாது என்பது நிலையத்தின் விதி. ஸ்பூன் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவள் யார் வீட்டிலும் சாப்பிடுவதைப் பார்த்ததில்லை! முதல் வாரம் இவர்கள் நீட்டியதையும் கையைக் காட்டித் தடுத்தவள்தானே அவள்.

அம்மா திடுக்கிட்டு எழுந்து, மடமடவென்று ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது. இந்த முறை அப்பா எதையும் பூசி மெழுகவில்லை.

"எங்க வீட்டுல தனியா சாப்பிட்டா, அவங்களுக்கு யாரும் இல்லன்னு அர்த்தம் டீச்சர். நீங்க அவனத் தானே சாப்பிடப் பழக்கி, எங்கயாவது விடுதியில சேர்க்கப் போறீங்கன்னு இவ பயந்துட்டா. தெனமும் ராத்திரி இதச் சொல்லித்தான் அழறா."

பை அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஐயோ, நான் ஒரு மடச்சி" என்றாள். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பையிலிருந்து படிவத்தை எடுத்து, எல்லார் கண் முன்னாலும் பென்சில் டிக்கை ரப்பரால் தேய்த்தாள். இலக்கையும் அடித்துவிட்டு வேறு எழுதினாள். அப்பா சத்தமாகப் படித்துச் சொன்னார்: "வீட்டில் மற்றவர்களுக்கு ஊட்டுவான்."

அத்தைதான் முதலில் ஓடிப்போய் அலமாரி மேலிருந்த ஸ்பூனின் உறையைக் கிழித்தாள்.

அன்றைக்கு முதலாளி அப்பாவின் மூக்குக்கு ஊட்டினான், மறுவாரம் தாடிக்கு. மேனேஜரிடம் ஒரு மாதம் தவணை வாங்கியிருந்தாள் பை அக்கா. இப்போதெல்லாம் ஒரு மணிக்குத்தான் போவாள். முழங்கையைப் பிடித்துக் கொடுப்பதோடு சரி, மீதியெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, சளைக்காமல்.

மாதக் கடைசியில் யாரும் பிடிக்காமலே ஸ்பூன் எழுந்தது. அப்பாவுக்கு ஒரு வாய். அத்தைக்கு ஒரு வாய். அம்மாவுக்குக் கொடுத்தபோது அவள் மென்று விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தாள். அப்புறமும் ஸ்பூன் கீழே இறங்கவில்லை. நடுங்கியபடி, பாதி சிந்தியபடி, பை அக்கா பக்கம் திரும்பியது.

மறுநாள் மேனேஜர் படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நாலு பேருக்கு ஊட்டினான்னு எழுதியிருக்கீங்க. அவன விட்டா வீட்டுல மூணு பேர்தானே? நாலாவது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் பை அக்கா.