கட்டாமல் விட்ட மூலை

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், சின்யோரா என்று அவன் கூப்பிடும் ஒரே முதலாளியம்மாவின் வீட்டில்தான் ஏழு வருடமாகக் குணரத்தினத்துக்கு வேலை. தொண்ணூற்று நாலாம் ஆண்டு, அவளுடைய மயில் சோடி அயலவர்களின் பூச்செடிகளைக் கொத்துகிறது என்று முறைப்பாடு வந்தது. கூண்டு கட்டச் சொன்னாள். இரும்புக் குழாய் நட்டு, கம்பிவலை சுற்றி, மேலே பாதிக்குத் தகரமும் மீதிக்கு நைலோன் வலையும் போட்டான்.

கடைசி மூலையில் கை ஓடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, அவன் விரதம். முருகன் ஏறும் வாகனத்தை விரதநாளில் நின்று பூட்டுவதா? அந்த மூலையை மட்டும் முடிச்சுப் போடாமல் செருகிவிட்டு இறங்கினான்.

ஞாயிறன்று பெண்மயில் அந்த இடைவெளியால் வெளியேறித் தெருவில் இறங்கியது. கார் அடித்துச் செத்துப்போனது.

"காற்றுத்தான் வலையைக் கழற்றியிருக்கு, குணா. மலிவான வலை வாங்கித் தந்தது என்ரை பிழை," என்று சின்யோரா கண்ணைத் துடைத்தாள்.

"ஓம், சின்யோரா."

அந்த ஒரு சொல்லால் பழியை அவள் தலையில் கட்டிவிட்டான். பிறகு ஏணியில் ஏறி எல்லா மூலைகளையும் இறுக்கிக் கட்டினான். கீழே ஆண்மயில் தனியே அகவிக்கொண்டிருந்தது.

நகரத்தின் கபோ பகுதியிலுள்ள தன் வீட்டுக்கு வந்தபோது மனைவி யோகாம்பாள் சாமிப்படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, முருகனுக்குப் பூ வையுங்கோ."

"நீர் வையும்."

முருகனை எப்படியும் பார்த்திருப்பான். பக்கத்தில் நின்ற மயிலைத்தான் பார்க்க ஏலவில்லை.