எட்டுப் படத்துக்கு வாசித்தவள்

கதைன்னு நினைச்சு வந்தவங்க இப்பவே எழுந்து போயிடலாம். இது நடந்தது. சுடுகாட்டுல இல்ல, அமாவாசையில இல்ல. பட்டப்பகல் பதினொன்னே முக்காலுக்கு, ஏ.சி. ஓடுற ரெக்கார்டிங் ஹால்ல, முப்பத்தொன்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. ஒவ்வொருத்தரையா விசாரிச்சுட்டேன். ஒருத்தர் கூட இல்லைன்னு சொல்லல, ஆனா வெளியில பேசவும் மாட்டேங்கறாங்க. பிழைப்பு போயிடுமாம். எனக்கு அந்த ஹால்ல பிழைப்பு இல்ல, அதனால நான் சொல்றேன்.

அவளை எல்லாரும் கத்திரின்னு கூப்பிடுவாங்க. சினிமா இசையை வெட்டி ஒட்டுற எடிட்டர். ஹீரோ மாடியிலிருந்து குதிக்க ஆறு செகண்டுன்னா, இசையையும் ஆறு செகண்டுக்கு நறுக்கித் தருவா. அவ வேலை பார்த்தது ஒரு உளவாளிப் பட வரிசைக்கு. எட்டுப் பாகம் வந்தாச்சு. ஹீரோ மூணு பேர் மாறிட்டாங்க, வில்லன் எட்டுப் பேர் செத்துட்டாங்க, தீம் மட்டும் மாறவே இல்ல. உளவாளி வந்தா ஒத்தை செல்லோ, தரையில நிறுத்தி வாசிக்கற பெரிய வயலின், அடித்தொண்டையில முனகும். ஒரு நிமிஷம் நாற்பத்திரண்டு செகண்ட்.

அந்த மெட்டைப் போட்டது கத்திரியோட அக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். மூணு நாள் விடாம அதையே இழுத்துப் பார்த்தா. "தூங்க விடுக்கா"ன்னு இவ தலையணையை விட்டெறிஞ்சிருக்கா. அக்கா அதைப் பிடிச்சு முதுகுக்கு வெச்சுக்கிட்டு மறுபடி வாசிச்சா.

பேர் வாங்கினது பெரியவர். இசையமைப்பாளர். முதல் படத்துக்கு ஹாலுக்கு வந்தப்ப அவர்கிட்ட மெட்டே கிடையாது. "ஏதோ வாசிச்சிட்டு இருந்தியேம்மா, அதை வாசி"ன்னார். செல்லோ வாசிக்க வந்திருந்த அக்காவும் வாசிச்சா. போஸ்டர்ல அவர் பேர் வந்துச்சு. அக்கா நேரா அவர் வீட்டுக்கே போய்க் கேட்டா. அதோட சரி, ஊர்ல ஒரு ஹால்ல இருந்தும் அவளுக்கு அழைப்பு வரல.

வயித்தெரிச்சல் எது தெரியுமா? ஒவ்வொரு படத்துக்கும் மத்த வாத்தியத்தையெல்லாம் புதுசா வாசிப்பாங்க. தீமோட ஒத்தை செல்லோவை மட்டும் பழைய டேப்புல இருந்து எடுத்து ஒட்டிடுவாங்க. "அந்த அழுத்தம் வேற யாருக்கும் வரல"ன்னு பெரியவரே சொல்வார், வெட்கமில்லாம. கூப்பிட்டது ஒரு தடவை. வாசிச்சது எட்டுப் படம். அஞ்சாம் படத்திலிருந்து அதை ஒட்டினது யார் கை? கத்திரி கை.

அக்கா போய் நாலு வருஷம் ஆச்சு. கடைசி வாரம் ஆஸ்பத்திரி டிவியில அந்தத் தீம் வந்திருக்கு. அக்கா கண்ணைத் திறக்காமலே, "நல்லா ஒட்டியிருக்கே"ன்னா. அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தா கூட கத்திரிக்கு மனசு ஆறியிருக்கும்.

இப்ப ஒன்பதாம் படம். அன்னைக்குக் காலையில ஒன்பதரைக்கு பெரியவரோட மேனேஜர் கத்திரிகிட்ட ஒரு கடிதத்தை நீட்டினார். 'என் அக்காவுக்கும் இந்த மெட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' கீழே கையெழுத்துக்கு இடம். பெரியவருக்குப் பெரிய விழா எடுக்கப் போறாங்களாம், யாரோ பேட்டியில பழைய கதையைக் கிளறிட்டாங்களாம்.

"சாயங்காலத்துக்குள்ள போட்டுடுங்கம்மா."

"போடலைன்னா?"

"நாளையிலிருந்து வர வேண்டாம். செத்தவங்களுக்கு எதுக்கும்மா பேரு?"

கத்திரி கடிதத்தை மடிச்சுப் பையில வெச்சா. பல்லைக் கடிச்சதுல தாடை வலிச்சுதுன்னு சொன்னா.

பதினொன்னு நாற்பதுக்கு தீம் வாசிச்சு முடிச்சாங்க. அடுத்து ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் அப்படியே அசையாம உட்காரணும். மைக் ஓடும். ஹாலோட வெறும் அமைதியை ஒரு நிமிஷம் பதிவு பண்ணிக்குவாங்க. வெட்டின இடத்துல பூசி மறைக்க அந்த அமைதி வேணும். அது கத்திரிக்குத்தான் வேணும், அதனால அவதான் ஹெட்போனை மாட்டிக்கிட்டுக் கேட்பா.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கத்திரி, சவுண்ட் இன்ஜினியர், பின்னால சோபாவுல பெரியவர். அந்தப் பக்கம் முப்பத்தொன்பது பேர். ஒரு நாற்காலி காலி. செல்லோக்காரர் ஒருத்தருக்குக் காய்ச்சல், வரல. அவருக்கு வெச்ச மைக்கை அணைக்க இன்ஜினியர் மறந்துட்டார்.

11:46. சிவப்பு விளக்கு எரிஞ்சுது.

பத்து செகண்ட் ஒன்னும் இல்ல. ஏ.சி. சத்தம் மட்டும்.

அப்புறம்... ஒரு மூச்சு.

யாரோ நெஞ்சை நிமிர்த்தி இழுக்கிற மூச்சு. ரொம்பப் பக்கத்துல.

வில்லை நரம்புல வெச்ச சத்தம்... க்ர்ர்...

தீம் ஆரம்பிச்சுது.

கத்திரிக்கு எரிச்சல்தான் வந்துச்சு. "பழைய டேப் ஓடுது பாருங்க, நிறுத்துங்க."

"நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

கண்ணாடி வழியா பார்த்தா. எல்லா வில்லும் மடியில. ஒரு கை அசையல.

மைக்குக்கு ஒன்னா இருக்கற மீட்டர்கள் எல்லாம் படுத்துக் கிடந்துச்சு. ஒன்னு மட்டும் துள்ளுது.

காலி நாற்காலி மைக்.

இன்ஜினியர் அந்த மைக்கோட சத்தத்தைக் கீழே இறக்கினார். நிக்கல.

வயரையே பிடுங்கினார். வயர் கையில இருந்துச்சு... சத்தம் நிக்கல.

டேப்புல இருக்கற மாதிரி முனகல் இல்ல அது. அடிப்பிடிச்ச பாத்திரத்தைச் சுரண்டற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு இழுப்புலயும் கோபம். அக்காவுக்குக் கோபம் வந்தா வாசிக்கற விதம் அவளுக்குத் தெரியாதா?

ஹால்ல தலைகள் திரும்புது. எல்லாரும் அந்த நாற்காலியைத்தான் பார்க்கறாங்க. பக்கத்து நாற்காலிக்காரம்மா சத்தமில்லாம நகர்ந்தாங்க... இன்னும் கொஞ்சம் நகர்ந்தாங்க.

11:47.

பாதியில நின்னுச்சு.

அமைதி.

சோபாவுல இருந்து பெரியவர் குரல். ரொம்பச் சின்னதா.

"அவளை யார் கூப்பிட்டது?"

எவளைன்னு யாரும் கேட்கல.

கத்திரி ஹெட்போனைக் கழட்டினா.

"நீங்கதான் சார் கூப்பிட்டீங்க. எட்டுத் தடவை."

பையில இருந்த கடிதத்தை எடுத்தா. திருப்பிப் பின்பக்கம் எழுதினா. 'இந்த மெட்டு என் அக்காவுடையது. எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அவர் மடியில வெச்சா. அவர் அதைத் தொடல. இவ செருப்பை மாட்டிக்கிட்டு வெளியில வந்துட்டா. வேலையும் போச்சு.

மூணாம் நாள் சாயங்காலம் நாலு இருபதுக்கு இன்ஜினியர் போன் பண்ணினார்.

"கத்திரி, ஒரு தடவை வந்துட்டுப் போ."

"எனக்குத்தான் அங்க வேலை இல்லையே."

"வேலைக்குக் கூப்பிடல. ஒரு டேப்பைக் கேட்கணும். தனியா கேட்க என்னால முடியல."

போனா. இத்தனை நாள் பிரதியை வெச்சுத்தான் ஒட்டினாங்க; ஒன்பதாம் படத்துக்காகக் கிடங்குலயிருந்து முதல் படத்தோட அசல் டேப்பை எடுத்திருந்தாங்க. ஒட்டின சீல் அப்படியே இருந்ததை இன்ஜினியரே பார்த்துப் பிரிச்சிருக்கார். முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தின பதிவு. மத்த வாத்தியம் எல்லாம் சரியா இருக்கு. செல்லோவை மட்டும் தனியா ஓட விட்டார்.

மூச்சு கேட்டுது. தாள் புரட்டற சத்தம் கேட்டுது.

செல்லோ வரவே இல்ல.

நாற்காலியைப் பின்னால தள்ளற சத்தம். செருப்புச் சத்தம்... டக்... டக்... டக்... தூரமா போகுது.

அப்புறம் ஒரு ஆம்பளைக் குரல். பெரியவர் குரல், ஆனா முப்பத்தொரு வயசு சின்னக் குரல்.

"எங்கம்மா போற? உட்காரு... உட்காரும்மா!"

கதவு. டொம்முன்னு.

அதுக்கப்புறம் ஒன்னே முக்கால் நிமிஷத்துக்கு, தூரத்துல மத்தவங்க வாத்தியம் மட்டும்.

கத்திரி கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்து ரெண்டாம் படத்துக்கு ஒட்டின பிரதியைத் திறந்தா. மூணாம் படம். நாலாம் படம். அவ கையாலயே ஒட்டின அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு.

எல்லாத்துலயும் செருப்புச் சத்தம். எல்லாத்துலயும் அதே கதவு.