மறுபூஜைக்குக் காத்திருந்த புத்தகங்கள்

வாசிகசாலை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் ஊசிப்போன சுண்டல் வாடைதான் மூக்கில் ஏறுகிறது. புத்தக வாசம் வரவேண்டிய இடத்தில் அது எப்படி வந்து குந்திக்கொண்டது என்பதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது ஆறும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பஜார். பஸ் நிற்கிற இடத்துக்கு மேலே தகரக் கூரை போட்ட வாசிகசாலை. ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு மலையில் வேலை இல்லை, வாசிகசாலையும் அன்றைக்குத்தான் முழுநாளும் திறந்திருக்கும். தலைவர், பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த முதலாளி. உபதலைவர், எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணி. செயலாளர் ஒரு கிளாக்கர். இரண்டு பெரிய மனுஷர்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவதுதான் அவருடைய உண்மையான உத்தியோகம். நாற்காலிகள் பஜார்க்காரர்களுக்கு. தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில் இருக்கிற எங்களுக்குச் சாக்கு.

நான் அஞ்சாம் வகுப்போடு கூடை தூக்கியவள். தங்கச்சி அப்படியில்லை. ஹட்டனுக்குப் போய்ப் படித்தாள். அம்மா படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டாள். சின்னதுகளைப் பார்த்துக்கொண்டே எஸ்.எஸ்.சி. பரீட்சையைத் தனியாக எழுதத் தயாராகிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரே முறைதான் என்று சொல்லிவிட்டார். டிசம்பர் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறினால் டீச்சர் வேலைக்கு முயற்சி பண்ணலாம். இல்லாவிட்டால் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகவேண்டும். மற்றப் பாடங்களுக்கெல்லாம் யாரிடமாவது கேட்டு வாங்கிய பழைய புத்தகங்கள் இருந்தன. சரித்திரத்துக்கு மட்டும் இல்லை. வாசிகசாலையில் சிவப்பு அட்டை போட்ட சரித்திரப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை வீட்டுக்குத் தரமாட்டார்கள். லயத்தில் புகையாம், மூட்டைப்பூச்சியாம். அதனால் ஞாயிறு தவறாமல் போய் அங்கேயே சாக்கில் உட்கார்ந்து படிப்பாள். நவராத்திரி வரும்போது பாதிப் புத்தகம் முடித்திருந்தாள்.

சரஸ்வதி பூஜைக்கு அலமாரியிலிருந்த அத்தனை புத்தகத்தையும் வெளியே எடுத்து, மேசையில் அடுக்கி, பட்டுத்துணி போர்த்தி, பூ வைத்தார்கள். சுண்டலும் பொங்கலும் படைத்தார்கள். பூஜையில் வைத்த புத்தகத்தைப் படிக்கக்கூடாது. மறுநாள் காலை மறுபூஜை செய்து, முதல் மரியாதைக்குரியவர் கையில் பூசாரி முதல் புத்தகத்தைக் கொடுப்பார். அவர் நாலு வரி வாசித்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். எங்கள் ஊரில் அந்த முதல் புத்தகம் யாருக்கு என்பதில் வந்து மாட்டிக்கொண்டது.

தலைவர் என்ற முறையில் தனக்கு என்றார் முதலாளி. தோட்டத்துக் கோயிலில் பரம்பரையாக முதல் மரியாதை வாங்குகிற கை இது என்றார் பெரிய கங்காணி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்ட, பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார். பேசி முடித்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுபூஜை நடக்கவில்லை. நடக்காதவரை புத்தகத்தைத் தொடக்கூடாது.

ஒரு வாரத்தில் தீரும் என்று நினைத்தோம். தீபாவளியும் போய்விட்டது. பூ கறுத்து வழுவழுத்தது. சுண்டலில் பச்சைப் பூஞ்சணம் முளைத்து, கரப்பான் அதில் குடும்பம் நடத்தியது. படையலை எடுத்தாலும் பூஜையைக் கலைத்ததாகிவிடும் என்று இரண்டு கட்சியும் அதையும் விடவில்லை. வாடை அடித்தால் இன்னும் நாலு ஊதுபத்தி கொளுத்துவார்கள். அந்த மேசைக்கு முன்னாலேயே ஒவ்வொரு ஞாயிறும் நிகழ்ச்சி நடந்தது. கல்வி பெரிதா செல்வம் பெரிதா என்று பட்டிமன்றம். பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி. மாதர் பகுதி என்று எங்களுக்கும் ஒரு பெயர் கொடுத்திருந்தார்கள். கூட்டுவதும் கோலம் போடுவதும் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவதும் அதன் இலக்கியப் பணி. முதலாளி பேச்சுக்கு நடுவில் எழுந்துபோய் ஜன்னல் வழியாக வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து, வாசிக்காத மனிதன் மிருகம் என்பார். 

கூட்டம் முடிந்ததும் தங்கச்சி செயலாளரிடம் போய்க் கேட்டாள்.

"தொட்டா சாமி குத்தம்மா. பெரியவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. அடுத்த வாரம் பாப்போம்," என்றார்.

அடுத்த வாரமும் அதையே சொன்னார். பிறகு நானே கிளம்பினேன். முதலாளி கடையில் துணி கிழித்துக்கொண்டே, தனக்கு ஒரு பிடிவாதமும் இல்லை, கங்காணி இறங்கி வந்தால் போதும் என்றார். மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், அத்தனை பேரும் வரிசையில் நிற்கும்போது, பெரிய கங்காணியிடம் கேட்டேன்.  அன்றைக்குக் கொழுந்து பறிக்க அவர் எனக்குக் கொடுத்த நிரை, கால் வைக்க இடமில்லாத செங்குத்துப் பாறை ஓரம். அட்டை கடித்த காலோடு கொழுந்து நிறுக்க வந்தபோதுதான், அதுதான் பதில் என்று புரிந்தது.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு கோர்ட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசி கொழும்பிலிருந்து சிறப்பு விருந்தாளியாக வந்தார். தமிழர்தான். ஆனால் இங்கிலீஷில் பேசினார். செயலாளர் தமிழில் சொன்னார். மலையகத்துக்கு அறிவு ஒளி வந்துவிட்டது என்று செயலாளர் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் சாக்கில் பார்த்தேன், தங்கச்சியைக் காணோம்.

மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பட்டுத்துணியை விலக்கி, அழுகின பூவைக் கையால் ஒதுக்கி, சிவப்பு அட்டைப் புத்தகத்தை உருவி எடுத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, விட்ட பக்கத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

இரண்டு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத முதலாளியும் பெரிய கங்காணியும் ஒன்றாக எழுந்தார்கள்.

"கீழ் லயத்துப் புள்ள. பூஜையில கைய வச்சிருச்சுங்க," என்றார் கங்காணி.

"ஆமாங்க. இனியும் விட்டு வைக்கக்கூடாதுங்க," என்றார் முதலாளி.

மரியாதைக்குப் போடுகிற அந்த 'ங்க'வை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது அன்றைக்குத்தான். எங்கள் சாதியை ஒதுக்கி வைத்திருந்த இடம் கீழ் லயம். பூஜைக்கு முந்தி பாதிப் புத்தகத்தையும் அவள் அதே கையால்தான் புரட்டியிருந்தாள். அப்போதெல்லாம் ஒட்டாத தீட்டு இப்போது ஒட்டிக்கொண்டதாம். செயலாளர் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். வாங்கினார் என்றா சொல்வது, பிடுங்கினார். பூசாரிக்கு ஆள் போனது. இரண்டு மாதமாக வர நேரமில்லாத மனுஷன் சட்டியில் மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்தார். மேசைக்குத் தெளித்தார், தரைக்குத் தெளித்தார், அவள் உட்கார்ந்த இடத்தில் இரண்டு முறை தெளித்தார். அழுகின சுண்டலுக்கு யாரும் தெளிக்கவில்லை.

தெளித்த கையோடு மறுபூஜையும் நடந்தது. முதல் புத்தகம் யாருக்கு என்ற கேள்வி மறுபடி வந்தபோது செயலாளருக்குத் தலையாட்டிப் பழகின மூளை வேலை செய்தது. விருந்தாளிக்கே கொடுத்துவிடலாம் என்றார். யாருக்கும் குறைவில்லை. எந்தப் புத்தகம் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கீழ் லயம் தொட்ட புத்தகத்தை வைத்துக்கொள்ள அவர்களில் யாருக்கு மனம் வரும்? முதலாளி ஒரு ஓரத்தையும் கங்காணி ஒரு ஓரத்தையும் பிடித்து, சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் பிரக்கிராசி கையில் கொடுத்தார்கள். நாலு வரி வாசிக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஜனம் கைதட்டியது. எங்கள் சாக்கிலிருந்தும் சிலர் தட்டினார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த வெறுப்பு அந்த இரண்டு பேர்மேல் வந்ததைவிடக் குறைவில்லை.

புத்தகங்களுக்கு இவ்வளவு மரியாதை தருகிற ஊரைத் தான் பார்த்ததில்லை என்று விருந்தாளி சொன்னதாகச் செயலாளர் சொன்னார். கார் கிளம்பும்போது எட்டிப் பார்த்தோம். மாலைக்கும் தொப்பிக்கும் அடியில் பின் சீட்டில் கிடந்தது புத்தகம்.

"அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமாக்கா?" என்று தங்கச்சி கேட்டாள்.

 அவள் அழவில்லை. வழியெல்லாம் படித்த பாதியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறி வந்தாள். பரீட்சையில் சரித்திரத்தைத் தவிர எல்லாவற்றிலும் தேறினாள். சொன்ன சொல்படி அப்பா அவள் பேரைத் தோட்டத்தில் பதிந்தார். முதல் நாள் பெரட்டில் அவளை ஏற இறங்கப் பார்த்து, நிரை காட்டிவிட்டவர் பெரிய கங்காணிதான்.