சட்டைப்பையில் கிடைத்தது

பட்டாளத்திலிருந்து மகன் வந்து மூன்று நாளாகியும், லாண்டரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"லீவுல வந்திருக்கான். பத்து நாள்தான், போயிடுவான்."

உள்ளே அழுக்குத் துணி மூட்டைமேல் சாய்ந்தபடி மகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் போகப் போவதில்லை. நாலு வருடம் முடிந்ததும் தானே எழுதிக் கொடுத்து விலகி வந்துவிட்டான். அதை வாயால் சொல்லத் தெம்பில்லை. விடுவிப்புக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டிவிடலாம் என்று இருந்தான். அந்தக் கடிதத்தைத்தான் காணவில்லை. வந்த அன்று பகல் முழுக்கத் தூங்கினான். எழுந்தபோது, கடிதம் வைத்திருந்த அவன் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மூட்டைகளை மறுபடி புரட்டினான். தொட்டியருகே துணி அலசிக்கொண்டிருந்த பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"என்ன கேப்டன், எதிரி உள்ள ஒளிஞ்சிருக்கானா?"

"சும்மா இருங்க பெரியப்பா."

"நாங்க சும்மாதான் இருக்கோம். நாற்பது வருஷமா, நின்னுக்கிட்டே."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துவைக்குமுன் ஒவ்வொரு பையையும் துழாவிப் பார்ப்பது பெரியப்பாவின் வேலை. கிடைப்பது தகர டப்பாவுக்குப் போகும். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, "இது உங்களுதா?" என்று கேட்பதுமில்லை. முன்பொரு தடவை பெரியப்பா ஒரு வாடிக்கைக்காரரின் கடிதத்தை அந்த ஆளின் மனைவி கையில் கொடுக்கப்போய், ஒரு குடும்பம் இரண்டானது. அன்றிலிருந்து, உரியவரே வந்து கேட்க வேண்டும். பொருள் என்னவென்றும் சொல்ல வேண்டும். இதை நேர்மை என்று சொல்லலாம். பேசாமலிருக்க ஒரு வசதி என்றும் சொல்லலாம். இந்த விதியோடே வளர்ந்தவன், அது தனக்கும் பொருந்தும் என்று நினைக்கவே இல்லை.

முன்பக்கம் போனான். அப்பா அவனுடைய சீருடையைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளில் இது மூன்றாவது முறை.

"அப்பா, என் சட்டைப்பையில ஏதாவது இருந்துச்சா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. "என்ன இருந்துச்சு?"

"ஒரு கவர்."

"கவர் ஆயிரம் வருது. உள்ள என்ன?"

"உங்களுக்கே தெரியும்ல?"

"பிரிக்கல. வெளியில இருந்த பட்டாள முத்திரையப் பார்த்தேன். நீயே சொல்லு."

"என்னை விட்டுட்டாங்கன்னு எழுதியிருக்கு. நான்தான் விடச் சொன்னேன்."

"ஏன்?"

"முடியலப்பா. களைச்சுப் போச்சு."

"களைச்சுப் போச்சாம்!" பெரியப்பா ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றார். "இருபத்து நாலு வயசு. எங்களுக்கு அறுபதுக்கு மேல."

"உங்கள யாரு நிக்கச் சொன்னா?"

"மரியாதையாப் பேசுடா," என்றார் அப்பா. குரலை உயர்த்தவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். "தெருவுல நான் என்ன சொல்றது?"

"நிஜத்தச் சொல்லுங்க."

களைப்பை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்ளும் வீடுகள் குறைவு. எல்லோரும் களைத்திருக்கும் வீட்டில் அதற்கு மதிப்பே இல்லை. அப்பா டப்பாவைத் திறந்து, நனையாத அந்தக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார். மகன் சரியாகச் சொல்லிவிட்டான், பொருள் அவனுடையது.

பிறகு சீருடையை மடிப்புக் கலையாமல் எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினார். மேல் தட்டில், யாரும் கேட்டு வராத துணிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி அதை வைத்தார்.

"அது எதுக்குப்பா அங்க?"

"உரியவன் மனசு மாறி வந்து கேட்டா குடுக்கணும்ல."

"வரமாட்டான்."

"இங்க ஒரு வருஷம் வெச்சிருப்போம். அதுதான் வழக்கம்."

அப்பா இறங்கத் தடுமாறியபோது மகன் முக்காலியைப் பிடித்துக்கொண்டான். இறங்கியதும் கையை எடுத்துவிட்டான்.