ஆடிக் காற்றும் அடுக்களைக் குழாயும்

எங்கள் வீட்டில் தறி முன்கூடத்தில் இருக்கிறது. அதற்கு நேர் பின்னால் அடுக்களை, நடுவில் கதவு கிடையாது. பட்டு இழைக்கு வறண்ட காற்று ஆகாது என்று சன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம். அதனால் தாளிக்கிற புகையெல்லாம் உள்ளேயே சுற்றும். இருமல் தாங்காமல் நானாக வாய் திறந்து மகனிடம் கேட்ட ஒரே பொருள், அடுக்களைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அவனும் மாட்டினான். மேற்குச் சுவரில் புகை போக ஒரு குழாயும் பதித்தான்.

ஆடி பிறந்ததும் மருமகளின் தறியில் இழை அறுபட ஆரம்பித்தது. கல்யாணப் புடவை, நீளவாட்டில் ஓடும் பாவு இழை மாம்பழ நிறம். காலையில் பார்த்தால் ஏழெட்டு இழை அறுந்து கிடக்கும்.

"பாவுக்குக் கஞ்சிய தண்ணியா போட்டிருக்கே, இழைக்கு எங்க பலம் இருக்கும்?" என்றான் மகன்.

"எப்பவும் போடற கஞ்சிதாங்க."

"அப்போ ஏன் அறுந்துக்கினே இருக்குது? இந்தப் பொடவ முடிஞ்சதும் தறிய வுட்டு எந்திரி. நானே பாத்துக்கறேன்."

அவள் குனிந்து அறுந்த இழைகளை முடிபோட்டுக்கொண்டே இருந்தாள். அந்தத் தறியில் உட்காராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அன்று மத்தியானம், ஃபேன் ஓடாத நேரத்தில், அடுப்படியில் என் பிடரியில் காற்று பட்டது. கழிவுப் பட்டில் ஒரு இழை எடுத்துக் குழாய் வாயில் கட்டினேன். ஃபேனைப் போட்டால் இழை வெளியே ஓடியது. நிறுத்தினால் உள்ளே திரும்பி, தறிப் பக்கமாய்ப் பறந்தது. ஆடியின் மேற்குக் காற்று குழாய் வழியாக நுழைந்து பாவை வறட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்டு வாங்கிய ஃபேன் அது.

 குழாயின் அகலத்தை அந்தப் பட்டிழையிலேயே முடிச்சுப் போட்டு அளந்துகொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு மூடிகளை எடுத்து வைத்தார்.

"இதுக்குப் பேரு டேம்பர், ஆயா. காத்து வெளிய போவும், திரும்பி வராது. இது ஒத்தத் தகடு, தன் கனத்துல மூடிக்கும். இது ரெண்டு ரெக்கை, ஸ்பிரிங் இழுத்து மூடும்."

இரண்டையும் வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன்.

"இன்னா ஆயா, நாதஸ்வரமா?" என்று அவர் சிரித்தார். கூச்சமாய்ப் போனது. ஆனாலும் விடவில்லை.

தகடு லேசாக ஊதினாலே திறந்தது. ஆனால் மூடின பிறகு எதிர்ப்பக்கம் ஊதினால் ஓரத்து இடுக்கில் என் பட்டிழை நடுங்கியது. ரெக்கை வைத்ததைத் திறக்கத் தம் கட்டி ஊத வேண்டியிருந்தது, இருமலே வந்துவிட்டது. மூடினதும் ஓரத்து ரப்பர் கவ்விக்கொண்டது, இழை அசையவில்லை. எங்கள் சின்ன ஃபேனுக்கு அதைத் திறக்கும் தெம்பு இருக்குமா என்று யோசித்தேன். என் இருமலா, அவள் தறியா என்று பார்த்தால், ரெக்கைதான்.

வீட்டில் அதைப் பார்த்து, "இன்னாமா இது?" என்றான் மகன்.

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அவ கஞ்சி சரியாத்தான்பா இருக்குது. என் ஃபேன் குழா வழியாத்தான் காத்து வந்துக்கினு இருக்குது."

அவன் குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு ஏணியை எடுத்தான்.

ரெக்கைகள் முழுக்கத் திறப்பதில்லை. தாளித்த புகை கொஞ்சம் தங்கித்தான் போகிறது, நானும் கொஞ்சம் இருமுகிறேன். ஆனால் நாலைந்து நாளில் அறுபடுவது ஒன்றிரண்டாகக் குறைந்தது. புடவை முடிகிற அன்று மகன் தறிப்பக்கம் வந்து, எங்கேயோ பார்த்தபடி அவளிடம் கேட்டான்.

"அடுத்த பாவு இன்னா கலரு போடலாம்?"

"கலர நான் சொல்றேன்" என்றாள் மருமகள். "கஞ்சிய மட்டும் நீங்களே போட்டுக் குடுங்க."