மீன் தராசில் தொங்கிய பொனட்

என் கணவர் ஓய்வுபெறும் வரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு பெட்டியைக் கண்ணால் பார்த்தே அதன் பாரத்தைச் சொல்லிவிடுவார். அந்த மனிதருக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பியபோது, பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். ஒரு வாளி தண்ணீர்கூடக் கூடாதாம். நான் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உதவி வேண்டுமா என்று கேட்டால் அதற்கும் எரிந்து விழுவார். ஆறு மாதமாக வீட்டில் கதைபேச்சே குறைந்துபோனது.

அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கார் ஒன்றுதான். முன்னொரு காலத்தில் திருகோணமலைக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இவரிடம் விட்டுப்போன அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, முன்பக்கம் மட்டும் நான் சமைக்கிற குசினி நீளம். வருடக்கணக்காகத் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. நான் அதை ஏசாத நாளில்லை. ஆனாலும் அதன் கதவைச் சாத்தும்போது வருகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். இந்தக் காலத்துக் கார்க் கதவுகள் பிஸ்கட் டின் மாதிரி அடிபடும். இது பெட்டகம் மாதிரிப் பூட்டும்.

கதிரையில் இருந்தபடியே அவர் ஒவ்வோர் ஆணியாகக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டார். பாரமான வேலைகளைக் கராஜ்காரர் வந்து செய்தார். இஞ்சின் உயிர்பெற்ற காலையில் அலுமாரிக்குள் கிளாசுகள் ஆடின. நானே வாய் பிளந்து நின்றேன். அந்தப் பொறுமைக்கு எந்தப் பெண்ணும் மயங்குவாள்.

ஆனால் ஸ்டியரிங் அசையவில்லை. இஞ்சினின் இரும்புப் பாரம் முழுவதும் முன்சக்கரங்களின் மேல் இருந்தது. இந்தக் காலத்துக் கார்களைப்போல ஒரு விரலால் திருப்ப முடியாது. அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார்.

"ஓட்ட ஏலாத காரை வைச்சு என்ன செய்யிறது? வித்துப்போடுவம்," என்றார்.

அதையும் விற்றுவிட்டால் காலையில் இவர் எதற்காக எழும்புவார் என்று பயந்தேன்.

மறுநாள் பாரத்தைக் குறைக்கப்போவதாக அறிவித்தார். பின்சீட்டைக் கழற்றுவித்தார். மேலதிக டயரை இறக்குவித்தார்.

"பாரம் முன்னுக்கு. நீங்கள் பின்னுக்குக் கழட்டுறியள். தலையணை மாத்தினால் தலையிடி போகுமோ?" என்றேன்.

"பாரத்தைப் பற்றி எனக்கு நீர் படிப்பிக்கிறீரோ?" என்று சீறினார். ஆனால் அடுத்த நாள் சத்தமில்லாமல், இஞ்சினை மூடுகிற பொனட்டுக்கு வந்துவிட்டார். இரும்பு பொனட்டுக்குப் பதிலாகப் பைபரில் ஒன்று செய்விக்கலாம் என்றார்.

கிண்ணியாவில் பைபர் வள்ளம் செய்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார். சல்லியிலிருந்து இறக்கக்கண்டி வரை மீனவர்கள் அவருடைய வள்ளத்தை நம்பித்தான் கடலுக்குப் போவார்கள். வந்து அச்செடுத்துப் போனார். மூன்று கிழமை கழித்து அவரே லொறியில் பொனட்டைக் கொண்டுவந்தார். ஒரு குமிழி இல்லை. முகம் பார்க்கலாம்போல மினுங்கியது. ஆனால் அதை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. என் கணவர் கண்ணாலேயே நிறுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. சல்லியில் மீன் நிறுக்கிற தராசை இரவல் வாங்கி முற்றத்து வேப்பமரக் கொப்பில் கட்டுவித்தேன். முதலில் பழைய இரும்பு பொனட்டைத் தொங்கவிட்டோம். பிறகு புதியதை. புதியதுதான் பாரம் கூட!

"நானா, இது என்ன வேலை?"

அவர் தலையைச் சொறிந்தார். "பொய் சொல்லமாட்டன் தங்கச்சி. ரெண்டு அடுக்குப் பைபர் போதும் எண்டுதான் தொடங்கினன். பொறகு, அல அடிச்சா என்ன ஆகும் எண்டு மனசு கேக்கல்ல. மேலால போட்டுக்கிட்டே போயிட்டன்."

"நிலாவெளி றோட்டில எங்க நானா அலை?"

என் கணவர் சிரித்தார். நெஞ்சுத் தழும்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆறு மாதத்தில் முதல் சிரிப்பு. எனக்கோ நானாமேல் மரியாதைதான் கூடியது. ஆட்கள் உயிரை நம்பி ஏறுகிற சாமானைச் செய்து பழகிய கை, மெல்லிசாகச் செய்ய ஒத்துக்கொள்ளவில்லை.

வெட்கத்தில் உடனே போக மனமில்லாமல் அவர் காரைச் சுற்றி வந்தார். "எப்பிடித்தான் திருப்புறீங்க, காட்டுங்க," என்றார். என் கணவர் ஏறியிருந்து இழுத்துக் காட்டினார்.

"நிண்ட எடத்திலயா? நிண்ட வள்ளத்தில சுக்கானத் திருப்பி என்ன பலன்? ஓட விட்டுட்டுத் திருப்புங்க."

ஆயுள் முழுக்கக் கிரேனில் ஓரிடத்தில் நின்றபடி பாரத்தைச் சுழற்றிய என் கணவருக்கு அந்த யோசனை வரவேயில்லை.

பழைய பொனட்டையும் பின்சீட்டையும் திரும்பப் பூட்டுவித்தோம். ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து காரை எடுத்தார். மெல்ல உருளவிட்டுத் திருப்பினார். சொன்னபடி கேட்டது. நிலாவெளி றோட்டில் அந்தப் பாரமே எங்களைத் தாங்கிக்கொண்டு போனது. குழியில் விழுந்தால்கூடக் குலுக்கம் தெரியவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் என்பதால், வலப்பக்கம் இருந்த நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துச் சனம் எனக்குக் கைகாட்டியது. நானும் பெருமையாகத் தலையாட்டினேன். பழைய காரை உயிர்ப்பிக்கிறவர்கள் பாரம் குறைக்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், கார் ஓடிக்கொண்டிருக்கிறவரைக்கும் வேண்டாம் என்பேன்.

இறக்கக்கண்டிப் பாலம் வரை போய்த் திரும்பினோம். எங்கள் வீட்டு வாசல் படலைக்குள் திருப்புகிற நேரம் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டார். கார் பாதி திரும்பியபடி றோட்டை மறித்து நின்றது. பின்னால் பஸ்.

மாடு போய்விட்டது. முன்னுக்கு உருளவிட இடமில்லை. மதிலில் இடித்துவிடும். அவர் ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கேட்டால் எரிந்து விழுவார் என்று, நாக்கைக் கடித்துக்கொண்டு மதிலைப் பார்த்தபடி இருந்தேன்.

"இஞ்சேரும்," என்றார் என்னைப் பார்க்காமலே. "நீரும் ஒரு கை பிடியும்."

அந்தச் சொல்லுக்குத்தான் நான் ஆறு மாதம் காத்திருந்தேன். எட்டி, அவர் கைக்குப் பக்கத்தில் பிடித்தேன். இருவரும் இழுக்க, சக்கரம் மெல்லத் திரும்பியது. பஸ்காரன் ஹோர்னை விடாமல் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.